கால்களால் வளர்ந்த ஏடுகள்

ஒரு சஞ்சிகையைத் தொடங்குவது எளிது, வளர்ப்பதே அரிது. தமிழ் ஏடுகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர் முதலிற் காண்பது முதலிதழ்களின் பெருங்கூட்டத்தையே. அவற்றுள் இரண்டாம் ஆண்டைக் கண்டவை சில. பத்தாம் ஆண்டைக் கண்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. எஞ்சியவை ஏன் மாண்டன என்று கேட்டால், நம்மவர் ஆயத்தமாக வைத்திருக்கும் விடை ஒன்றுண்டு: “தமிழன் வாசிக்க மாட்டான், வாசித்தாலும் காசு கொடுக்க மாட்டான்.”

இவ்விடை எவ்வளவு வசதியானது! பத்திராதிபருக்கு அது குற்றமற்ற மனச்சாட்சியைத் தருகிறது. எழுத்தாளனுக்குத் தியாகி என்ற பட்டத்தைத் தருகிறது. பழி முழுவதும் வாசகன் தலையில் விழுகிறது. ஆனால் இவ்விடை உண்மையா?

இவ்வினா என்னை விட்டகலாதிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கட்டுகஸ்தோட்டையில் நான் கற்பிக்கும் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் ஒரு சிற்றேடு தொடங்கினர். முதலிதழ் விற்றது; இரண்டாம் இதழ் பாதி விற்றது; மூன்றாம் இதழின் கட்டு இன்னும் ஆசிரியர் அறை அலுமாரியின் மேலே நூல் அவிழாமற் கிடக்கிறது. “எங்கள் எழுத்து நன்றாகத்தானே இருக்கிறது, சேர்? ஏன் ஒருவரும் வாங்குவதில்லை?” என்று அவர்களுள் ஒருத்தி கேட்டாள். உடனடியாக என்னால் விடை கூற முடியவில்லை. இக்கட்டுரை அவளுக்குக் கூறவேண்டிய விடையைத் தேடும் முயற்சியாகும்.

ஆற்றங்கரையும் அச்செழுத்தும்

கட்டுகஸ்தோட்டை என்னும் பெயரில் உள்ள ‘தொட்ட’ என்ற சிங்களச் சொல் ஆற்றைக் கடக்கும் துறையைக் குறிப்பதாகும். மகாவலியை இங்கே கடந்துதான் மாத்தளை வீதி கண்டி நகரை அடைகிறது. 1867இல் கண்டிக்கு வந்த புகையிரதம், 1880இல் இத்துறையைக் கடந்து மாத்தளை வரை சென்றது. அதற்கு முன்னரோ, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய ஏழை மக்கள் காடுகளினூடே கால்நடையாக நடந்து, வழியிற் காய்ச்சலுக்கும் பேதிக்கும் உறவினரைப் பறிகொடுத்து, மாத்தளை வழியாகக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். மலையகத் தமிழ் வாசகனின் மூதாதையர் அவர்களே. கங்காணியின் பற்றேட்டிற் கைநாட்டு வைத்த அம்மக்களின் பேரப்பிள்ளைகள் ஏடு வாங்கும் வாசகராக மாறியது தானாக நிகழ்ந்த மாற்றமன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் சிலர் அதற்காக உழைத்தனர்.

ஈழத்தில் தமிழ்ப் பத்திரிகையின் தொடக்கம் யாழ்ப்பாணத்திலே நிகழ்ந்தது. 1841இல் அமெரிக்க மிஷனரிமார் ‘உதயதாரகை’யை வெளியிட்டபோது, அதன் பின்னால் மிஷனின் அச்சுக்கூடமும் பள்ளிக்கூடங்களும் பணமும் நின்றன. வாசகன் இல்லாவிடினும் அவ்வேடு சிறிது காலம் உயிர் வாழ்ந்திருக்கும். நிறுவனத்தின் முதுகிற் சவாரி செய்யும் ஏட்டுக்கு வாசகனைத் தேடியலையும் அவசியம் இல்லை. அவ்வித முதுகு இல்லாதவர்கள் என்ன செய்தனர் என்பதே நமக்குப் பயன்தரும் வரலாறாகும்.

வாசகனை உருவாக்கிய வழக்கறிஞர்

அவ்வரலாற்றின் முதல் அத்தியாயம் நமது கண்டியிலேயே தொடங்குகிறது. 1838இற் கண்டியிற் பிறந்த மு. கா. சித்திலெப்பை தொழிலால் வழக்கறிஞர். நகரில் செல்வாக்கும் வருமானமும் உடையவராயிருந்த அவர், 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்ற வாரப் பத்திரிகையைக் கொழும்பிலிருந்து வெளியிடத் தொடங்கினார். மூன்றாண்டுகளின் பின் அவர் எழுதிய ‘அசன்பேயுடைய கதை’ ஈழத்துத் தமிழ் நாவலின் முன்னோடியாக இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றது.

அவர் எதிர்நோக்கிய நிலைமையை எண்ணிப் பார்ப்போம். அன்றைய இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் வணிகர். அவர்களது வீட்டுமொழி தமிழ். ஆயினும் மதம் மாற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தால் மிஷன் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பாதிருந்தனர். எழுத்தறிந்தோர் குறைவாயிருந்த ஒரு சமூகத்துக்குப் பத்திரிகை நடத்துவது வெற்றுப் பாறையில் விதைப்பதற்கு ஒப்பாகும்.

சித்திலெப்பை பாறையிலே விதைக்கவில்லை. முதலில் மண்ணைக் கொணர்ந்து கொட்டினார். கல்வியின் அவசியத்தைப் பத்திரிகையிலே எழுதியதோடு அமையாது, பத்திரிகைக்கு வெளியே பாடசாலைகளை அமைப்பதற்கும் அலைந்தார். 1883இல் ஆங்கிலேயரால் எகிப்திலிருந்து இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட ஒறாபி பாஷாவையும் அம்முயற்சியிலே துணைக்கொண்டார். 1884இற் கொழும்பில் ஒரு மதரஸா எழுந்தது. அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1892இல், பின்னர் ஸாஹிறாக் கல்லூரி எனப் பெயர்பெற்ற பாடசாலை தோன்றியது. கண்டியிலே பெண்களுக்கான பள்ளிக்கூடம் ஒன்றை அமைத்து, அதனைத் தம் சகோதரியாரின் பொறுப்பில் விட்டார். பெண் கல்வியைப் பற்றி எழுதுவோர் பலர். எழுதிய கையோடு தம் குடும்பத்துப் பெண்ணையே ஆசிரியையாக்கி அமர்த்துவோர் எத்தனை பேர்?

இங்கே நாம் கவனிக்க வேண்டியது இதுவே: ‘முஸ்லிம் நேசன்’ ஏற்கனவே இருந்த வாசகரைப் பங்குபோட்டுக் கொள்ள வந்த ஏடன்று. தனக்கு வேண்டிய வாசகரைத் தானே தோற்றுவிக்க முனைந்த ஏடாகும். பாடசாலை பத்திரிகைக்கு வாசகரைத் தந்தது. பத்திரிகை பாடசாலைக்கு ஆதரவாளரைத் தந்தது. ஒன்றில்லாமல் மற்றொன்று நின்றிருக்காது.

ஆயினும் வரலாற்றாசிரியன் புகழுரையோடு நின்றுவிடுதல் தகாது. சித்திலெப்பையின் வாசகர் பெரும்பாலும் நகரத்துக் கடைவீதியைச் சார்ந்தோர். அக்கடைவீதிகளுக்கு மேலே, அதே மலைகளில், அதே மொழி பேசிய தோட்டத் தொழிலாளி அவ்வேட்டின் எல்லைக்கு அப்பாலேயே நின்றான். கோப்பி அழிந்து தேயிலை எழுந்த பின்னரும் அவனுக்கென ஓர் ஏடு தோன்றுவதற்கு அடுத்த நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

லயத்துக்குள் நுழைந்த பத்திரிகை

1915ஆம் ஆண்டு. தஞ்சாவூரிலிருந்து ‘வர்த்தகமித்திரன்’ என்ற வணிகப் பத்திரிகையை நடத்திவந்த கோ. நடேசய்யர் என்ற இளைஞர் கொழும்புக்கு வந்தார். வந்த நோக்கங்களுள் ஒன்று பத்திரிகைக்குச் சந்தாதாரர் சேர்ப்பது. சந்தா தேடி வந்தவர் கண்டதோ வேறு. கொழும்பு வணிகர்களிடமிருந்து தோட்டத் தொழிலாளரின் அவலத்தைக் கேள்வியுற்ற அவர், அதனை நேரிற் காண விழைந்தார். ஆனால் அந்நியர் தோட்டத்துக்குள் நுழைவது அத்துமீறற் குற்றமாகும். புடைவை வியாபாரி வேடம் பூண்டு, மூட்டையோடு தோட்டங்களுக்குட் புகுந்து, தாம் கண்டவற்றை எழுதி வெளியிட்டார். பின்னர் இலங்கையையே தம் களமாக்கிக்கொண்டார். 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ என ஏடுகள் தொடர்ந்தன. 1925இற் சட்ட நிரூபண சபை உறுப்பினரானார்; 1936இல் அற்றன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபை சென்றார்.

பத்திரிகையை வளர்க்கும் கலையை நடேசய்யரிடமிருந்து கற்பதற்கு நிறைய உண்டு. அவர் எதிர்நோக்கிய தடைகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். வாசகனுக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்தாலும் கையிற் காசில்லை. அவனது சம்பளம் கங்காணியின் பற்றுக்கணக்கிலே கரைந்துவிடும். காசிருந்தாலும் பத்திரிகை அவனை அடையாது. தோட்டத்துத் தபால் அனைத்தும் கந்தோர் வழியாகவே வரவேண்டும். அடைந்தாலும் அதைக் கையில் வைத்திருப்பவன் துரையின் சந்தேகத்துக்கு இலக்காவான். விளம்பரத் தந்திரங்களுள் எதுவும் இந்நான்கு சுவர்களையும் தகர்க்க முடியாது.

நடேசய்யர் அச்சுத்தாளை மட்டும் நம்பியிருக்கவில்லை. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் பத்திரிகைப் பணியிலும் தொழிற்சங்கப் பணியிலும் சமமாகப் பங்குகொண்டவர். பாரதி பாடல்களையும் தாமே இயற்றிய பாடல்களையும் கூட்டங்களிலே பாடுவார். பாட்டுக் கேட்டு மக்கள் திரள்வர்; திரண்டோரிடம் நடேசய்யர் பேசுவார். அற்றனில் இயங்கிய கணேஷ் அச்சகத்திலிருந்து சின்னஞ்சிறு பிரசுரங்கள் மலிவு விலையில் வெளிவந்தன. மீனாட்சி அம்மையாரின் பாடல்களும் 1940இல் நூலுருப் பெற்றன. எழுத்தறிந்த ஒருவன் ஒரு பிரதியை வாங்கினாற் போதும். மாலைப்பொழுதில் லயத்து வாசலில் அவன் வாசிக்க, பத்துப்பேர் கேட்பார்கள். அவ்வாறு பார்க்கையில், நடேசய்யரின் ஏட்டுக்கு வாசகரைவிடக் ‘கேட்பவர்’ பன்மடங்கு. விற்பனைக் கணக்கேட்டில் அவர்கள் இடம்பெறார், வரலாற்றில் இடம்பெறுவர்.

1931இல், உலகப் பொருளாதார மந்தம் தோட்டங்களையும் தாக்கிக் கூலி வெட்டப்பட்ட வேளையில், நடேசய்யர் அற்றனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அதற்கு வேண்டிய நிலத்தை முந்திய பத்தாண்டு எழுத்துப்பணி உழுது வைத்திருந்தது. ருஷ்யப் புரட்சியாளர் 1900இல் ‘ஈஸ்க்ரா’வைத் தொடங்கியபோது, பத்திரிகை பிரசாரகனாக மட்டுமன்றி அமைப்பாளனாகவும் இயங்க வேண்டும் என்று லெனின் வற்புறுத்தியமை நாம் அறிந்ததே. 1912இல் ‘பிராவ்தா’வுக்கு நிதி திரண்டபோதும், எவ்வளவு பணம் சேர்ந்தது என்பதிலும் எத்தனை தொழிலாளர் குழுக்கள் சேர்ந்து அனுப்பின என்பதையே அவர் முதன்மையாகக் கணக்கிட்டார். பணக்காரன் ஒருவன் தரும் நூறு ரூபாயும் நூறு பேர் தரும் ஒவ்வொரு ரூபாயும் கணக்கில் ஒன்றே. ஏட்டின் ஆயுளில் ஒன்றல்ல. தஞ்சையிலிருந்து வந்த அந்தணர் இவ்வுண்மையைத் தம் அனுபவத்தினூடாகவே கண்டுகொண்டார்.

தோல்வியையும் கூறவேண்டும். இருபதுகளில் நடேசய்யர், சிங்களத் தொழிலாளரின் தலைவராயிருந்த ஏ. ஈ. குணசிங்கவுடன் தோளோடு தோள் நின்றார். தசாப்தத்தின் இறுதியில் அவ்வுறவு முறிந்தது. வேலையின்மையின் பழியை இந்தியத் தொழிலாளர்மீது சுமத்தும் அரசியல் தலைதூக்கியது. தொழிலாளி வர்க்கம் இன அடிப்படையிற் பிளவுற்றபோது, அதன் ஏடுகளும் பிளவுற்றன. அப்பிளவின் விலையை மலையகம் 1948இற் கொடுத்தது.

வாசகரைக் கப்பலேற்றிய காலம்

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பல இலட்சம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும் வகைசெய்தது. அம்மக்களைக் கேட்டு எவரும் இவ்வெண்களை எழுதவில்லை.

இந்த வேளையிலேதான் மலையகத்தின் முதற் படித்த தலைமுறை எழுதத் தொடங்கியது என்பது வரலாற்றின் முரண்நகை. அறுபதுகளிற் கண்டியிலிருந்து ‘மலைமுரசு’ வெளிவந்தது. ‘வீரகேசரி’ நாளிதழின் தோட்ட மஞ்சரிப் பகுதியைப் பொறுப்பேற்றிருந்த எஸ். எம். கார்மேகம் மலையக எழுத்தாளருக்கெனச் சிறுகதைப் போட்டிகளை நடத்தினார். பரிசு பெற்ற கதைகள் 1971இற் ‘கதைக்கனிகள்’ என்ற தொகுதியாயின. நாளேடு ஒன்று ஒரு பக்கத்தைத் தோட்டத்து மக்களுக்கு ஒதுக்கியதும், அவர்கள் அதனைக் கதைகளால் நிரப்பிவிட்டனர். எழுத இடம் கொடுக்கப்பட்டவன் மறுநாள் முதல் அவ்வேட்டின் மிக நேர்மையான விற்பனையாளனாகிறான். தன் கதை வந்த இதழை அவன் லயம் முழுவதும் காட்டித் திரிவான்.

ஆனால் வாசகனோ தலைமன்னாரில் கப்பலேறிக்கொண்டிருந்தான். ஒரு தோட்டத்தில் இதழ் வாங்கும் இளைஞர் பத்துப்பேர் இருந்தால், ஒப்பந்தம் அவர்களிற் சிலரைப் பெயர்த்தெடுத்தது. சஞ்சிகை ஏன் மடிந்தது என்று கேட்போர் பத்திராதிபரின் திறமையின்மையை மட்டும் பார்த்தல் போதாது. சட்டப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும்.

சந்தைச் சுவரும் சலூன் வாசலும்

இதே காலத்தில் ஈழத்து ஏடுகளுக்கு வேறொரு போட்டியும் இருந்தது. தமிழகத்திலிருந்து வந்து குவிந்த வணிகச் சஞ்சிகைகள் கடைவாசல்களை நிறைத்தன. 1954இல் அமைந்த இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தேசிய இலக்கியம், மண்வாசனை என்ற முழக்கங்களை முன்வைத்தமைக்கு இதுவும் ஒரு பின்னணி. எழுபதுகளின் தொடக்கத்தில் அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தவே, உள்ளூர் வெளியீடுகள் சட்டெனத் தழைத்தன. 1977இன் பின் கதவு திறந்துவிடப்பட்டதும் அத்தழைப்பிற் பெரும்பகுதி வாடிப்போயிற்று. சுவரினால் மட்டும் சேர்க்கப்பட்ட வாசகன் சுவர் விழுந்ததும் போய்விடுவான்.

போகாத வாசகரைப் பெற்ற ஏடு எது? 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’யை எவரும் முதலிற் குறிப்பிடுவர். சிகையலங்கரிப்புத் தொழிலாளியாகிய அவர், ப. ஜீவானந்தத்தின்மீது கொண்ட பற்றினால் அப்பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர். ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுதிக்காகச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். கஸ்தூரியார் வீதியில் அவருடைய ‘ஜோசப் சலூன்’தான் மல்லிகையின் முதற் காரியாலயம். சாதியின் பேரால் அவமதிக்கப்பட்ட ஒரு மனிதன், தன் தொழிற்கூடத்தையே இலக்கியக் கூடமாக்கினான். கற்றோர் அங்கே வந்து அமர வேண்டியவராயினர். இஃது ஓர் ஏட்டின் வெற்றி மாத்திரமன்று. ஒரு சமுதாய வெற்றியுமாகும்.

ஜீவா இதழ்களைக் கையிற் சுமந்து தெருத்தெருவாக விற்றார். கூட்டம் நடக்கும் மண்டபம், பஸ் நிலையம், நண்பர் வீடு என எவ்விடத்தும் விற்றார். இதனைச் சிலர் நகைத்தனர். ஆனால் கையாற் கொடுத்து கையாற் காசு வாங்கும்போது, வாசகன் கடந்த இதழைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமற் போவதில்லை. அந்த இரண்டு வார்த்தை அடுத்த இதழுக்கு உரமாகிறது. முகவரிடம் கட்டுக்கட்டாக அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் பணத்துக்குக் காத்திருக்கும் பத்திராதிபருக்கு அவ்வுரம் கிட்டுவதில்லை. மல்லிகையின் அட்டையை வாழும் எழுத்தாளரின் உருவப்படங்கள் அலங்கரித்தன. நடிகையின் முகமின்றி ஏடு விற்காது என்பாருக்கு அது நடைமுறையில் அளித்த மறுப்பாக அமைந்தது. போரின் நெருக்கடியாற் கொழும்புக்கு இடம்பெயர்ந்த பின்னரும் 2012 வரை நானூறுக்கும் மேற்பட்ட இதழ்கள் வெளிவந்தன. ஜீவா 2021இல் மறைந்தார்.

அதற்கிடையில் நமது கண்டியும் வாளாவிருக்கவில்லை. தோட்டத்து வைத்தியராகப் பணிபுரிந்து, ‘குருதிமலை’ நாவலால் அறியப்பெற்ற தி. ஞானசேகரன் 2000 ஜூனிற் பேராதனை வீதியிலிருந்து ‘ஞானம்’ மாத இதழைத் தொடங்கினார். போர் உக்கிரமடைந்திருந்த ஆண்டு அது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே தரைவழி அடைபட்டிருந்த வேளையில், மலைநாட்டு நகரொன்றிலிருந்து எழுந்த அவ்வேடு, எல்லாப் பிரதேசத்து எழுத்தாளரையும் புலம்பெயர்ந்தோரையும் ஒரே அட்டைக்குட் சேர்த்தது. பின்னர் அதுவும் கொழும்புக்குச் சென்றது. 150ஆவது இதழ் ஈழத்துப் போர் இலக்கியச் சிறப்பிதழாகப் பெருந்தொகுதியாய் வெளிவந்தமை, மாத இதழொன்று விடாது நடந்தால் எத்தகைய ஆவணமாக உயரலாம் என்பதற்குச் சான்றாகும்.

அலுமாரியின் மேலுள்ள கட்டு

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க முடிபுகள் யாவை? முதலாவது, வளர்ந்த ஏடு எதுவும் “எங்களை வாசியுங்கள்” என்று கெஞ்சி வளரவில்லை. சித்திலெப்பைக்குக் கல்வியும், நடேசய்யருக்குத் தொழிலாளி உரிமையும், ஜீவாவுக்கு ஒடுக்கப்பட்டோரின் இலக்கியத் தகுதியும் ஏட்டிலும் பெரியனவாயிருந்தன. இரண்டாவது, ஏட்டுக்கு வெளியே செய்யப்பட்ட வேலையே ஏட்டை வளர்த்தது. மூன்றாவது, வாசகனை எழுத்தாளனாக்கிய ஏடுகளே வேரூன்றின. நான்காவது, காலந்தவறாமை. வருமென்று கூறிய திகதியில் வாராத இதழ் வாசகனின் நம்பிக்கையைத் திருடுகிறது; அந்நம்பிக்கையை எந்தச் சிறப்பிதழும் மீட்டுத் தராது.

எனினும் வளர்ச்சி என்பதே ஓர் அறமன்று. விற்பனையே அளவுகோலாயின், வணிகச் சஞ்சிகைகள்முன் இங்கே பேசப்பட்ட ஏடுகள் அனைத்தும் தோற்றவையே. ‘தேசபக்தன்’ நீண்டகாலம் வாழவில்லை. ஆனால் கைநாட்டு வைத்த மக்கள் சங்கமாகித் தம் பிரதிநிதியை அரசாங்க சபைக்கு அனுப்பும் நிலைக்கு உயர்ந்ததில் அதற்குப் பங்குண்டு. எத்தனை பிரதி விற்றது என்ற கேள்வியோடு, வாங்கியவன் அதன்பின் என்னவானான் என்ற கேள்வியையும் நாம் கேட்கவேண்டும்.

மாணவியின் வினாவுக்கு இப்போது என்னால் விடை கூற முடியும். மூன்றாம் இதழை எடுத்துப் பார்த்தேன். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. நிலவைப் பற்றி மூன்று கவிதைகள், தாய்மையைப் பற்றி இரண்டு, தமிழின் தொன்மையைப் பற்றி ஒரு கட்டுரை. ஆனால் அவ்விதழில் கட்டுகஸ்தோட்டை இல்லை. விடியுமுன் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் அவளது வகுப்புத் தோழி இல்லை. நகரத்துக் கடைகளிலே பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் மலையக இளைஞன் இல்லை. பெருமழையில் மகாவலி பெருகும்போது கரையோரக் குடிகள் படும் பாடு இல்லை. தன் முகமில்லாத கண்ணாடியை எவன் காசு கொடுத்து வாங்குவான்?

அடுத்த வாரம் அக்கட்டை அவிழ்க்கப் போகிறோம். ஒவ்வொருவரும் பத்துப் பிரதிகளோடு தத்தம் ஊருக்குச் செல்வதென்றும், விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் ஈடாக அவ்வீட்டிலிருந்து ஒரு கதையைக் கேட்டு எழுதிவருவதென்றும் முடிவு. நான்காம் இதழ் அக்கதைகளால் நிறையும். காசு எவ்வளவு சேரும் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் தம் கதை வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கேனும் அவ்வீடுகளின் கதவுகள் நமக்காக மீண்டும் திறக்கும்.